டை ராடு எண்ட்: மாற்றும் முன் ஆட்டிப் பாருங்கள்

காரின் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது என்று போய் நின்றால், வண்டியைத் தூக்கும் முன்பே மூன்று பெயர்கள் வந்துவிடும்: லோயர் ஆர்ம், லிங்க் ராடு, டை ராடு எண்ட். பல இடங்களில் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள். சத்தமும் நின்றுவிடும். எது தேய்ந்திருந்தது என்பது மட்டும் வண்டிக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. பணம் கூடுதலாகப் போவதைவிட எனக்கு இதில் வேறொரு கவலை. சத்தம் வந்தால்தான் டை ராடு எண்ட் கெட்டிருக்கும் என்று நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். அது பல மாதம் சத்தமே இல்லாமல் தேயும். காதில் கேட்கும் அளவுக்கு வரும்போது உள்ளே நிறையவே தேய்ந்துபோயிருக்கும்.

அதனால் இந்தப் பதிவில் கழற்றி மாட்டுவதைவிட, தேய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் பாகத்தைப் புரிந்துகொள்வோம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் சுழன்று, பல் வெட்டிய ஒரு கம்பியை இடமும் வலமும் தள்ளுகிறது. அந்தக் கம்பிதான் ராக். ராக்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூட்டு இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ராக் எண்ட் என்பார்கள். மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் இருப்பதால் அது வெளியே தெரியாது. அங்கிருந்து வரும் கம்பியின் மறுமுனையில் மரை போட்டு ஏற்றியிருப்பதுதான் டை ராடு எண்ட். அதன் தலைக்குள் ஓர் உருண்டையும், உருண்டையோடு ஒட்டிய தண்டும் உண்டு. அந்தத் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் காதுக்குள் போய் உட்காருகிறது. நம் தோள்மூட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பலாம், ஆனால் குழியை விட்டு ஒரு நூல்கூட விலகக் கூடாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிற அந்த நேரத்திலும் ஸ்டியரிங் சொல்வது சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி ஓர் ஏற்பாடு.

உருண்டைக்கும் குழிக்கும் நடுவே வழவழப்பான ஓர் உள்ளுறையும் கிரீஸும் இருக்கும். கழுத்தில் ஒரு ரப்பர் பூட். அந்தக் காலத்து வண்டிகளில் கிரீஸ் நிப்பிள் வைத்திருப்பார்கள், சர்வீஸுக்குச் சர்வீஸ் கிரீஸ் கன் வைத்து அடிப்பார்கள். லாரிகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் அது இல்லை. தயாரிக்கும்போது உள்ளே அடைத்த கிரீஸ்தான் கடைசிவரை. அதனால் இந்த மூட்டின் ஆயுள் முழுக்க அந்தச் சின்ன ரப்பர் பூட்டின் கையில் இருக்கிறது. பூட் வெடித்துவிட்டால் மழைக்காலத்துத் தண்ணீரும் ரோட்டு மணலும் உள்ளே போகும். கிரீஸ் கரைந்து வெளியேறும். தங்கிய மணல் உருண்டையை அரைக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கிய சென்னைத் தெருக்களில் ஓடிய வண்டியைத் தை மாதத்தில் ஒருமுறை அடியில் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

அப்படிப் பார்க்க வேறு யாரும் வரப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கார் மூன்று வயதைத் தொட்டதிலிருந்து வருடந்தோறும் சோதனை உண்டு. ஸ்டியரிங் மூட்டின் ஆட்டத்தையும் ரப்பர் பூட்டையும் அதில் பார்ப்பார்கள். அழுக்கு உள்ளே போகும் அளவுக்குப் பூட் கிழிந்திருந்தாலே வண்டி தேறாது. நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அதுவரை புகைச் சான்றிதழ் கேட்பார்களே தவிர, ஸ்டியரிங் மூட்டை ஆட்டிப் பார்க்கச் சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு குடும்பம் முழுக்க உட்கார்ந்து போகிற வண்டிக்கு இந்த இடைவெளி எனக்குச் சரியாகப் படவில்லை. அது மாறும்வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக் கார் பத்து வயதைத் தாண்டிய சின்ன ஹேட்ச்பேக். அது சத்தம் எதுவும் போடவில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஸ்டியரிங்கை லேசாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நேராகப் போகிறது, ஆனால் நேராகப் போக அதற்கு என் கை தேவைப்பட்டது. அலைன்மென்ட் செய்தால் சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடியும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். டயரின் உள்விளிம்பில் பட்டன் சீக்கிரம் தேய்ந்திருந்தது. பட்டனைக் குறுக்காகக் கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கியது, எதிர்த்திசையில் விரலைத் தடுத்தது.

அலைன்மென்ட் நிற்கவில்லை என்பதுதான் இதில் முக்கியமான தடயம். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டும் நேரத்தில் மூட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதே வண்டி ரோட்டில் இறங்கி ஒரு குழியைத் தாண்டியதும் இன்னொரு பக்கமாகப் போய்விடும். ஆட்டம் இருக்கும் மூட்டை வைத்துக்கொண்டு எடுக்கிற அளவுக்கு அர்த்தமில்லை. நல்ல அலைன்மென்ட்காரர் முதலில் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார், அதன்பிறகுதான் சென்சாரை மாட்டுவார். ஆட்டாமலே மாட்டுகிறவரிடம் நாம் கேட்டுவிடலாம்: “தம்பி, மொதல்ல ஜாயின்ட்ல ப்ளே இருக்கான்னு பாத்துடுப்பா.” கேட்பதில் தவறே இல்லை.

வேறு சில அறிகுறிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 80, 90க்கு மேல் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்ஸைப் பாருங்கள். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில், ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே கடகடத்தால் பெரும்பாலும் லிங்க் ராடு. பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சீராக வந்தால் அது ஆக்ஸில் ஜாயின்ட். நிறுத்தி எடுக்கும் வேகத்தில், ஸ்டியரிங்கை இடமிருந்து வலமாக மாற்றும் அந்த நொடியில் ஒற்றை ‘டக்’ என்று கேட்டால் டை ராடு எண்டையும் ராக் எண்டையும் சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான். தீர்ப்பைக் கைதான் சொல்ல வேண்டும்.

சரி, ஆட்டிப் பார்ப்போம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் அடியில் ஜாக் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ தோளையோ விடவே கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு 3 மணி, 9 மணி இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுங்கள். மெதுவாக அல்ல, வெடுக்கென்று. பிறகு 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து அதே போல. பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டியரிங் மூட்டு. மேலும் கீழும் மட்டும் ஆட்டம் என்றால் லோயர் பால் ஜாயின்டை நோக்கிப் போகலாம். இரண்டிலும் ஆடினால் வீல் பேரிங்காக இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு: ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் அது பேரிங்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளும்போது ராக்கும் சேர்ந்து நகரும், எதிர்ப்பக்கச் சக்கரமும் கொஞ்சம் திரும்பப் பார்க்கும். அது ஆட்டம் இல்லை, ஸ்டியரிங் திரும்புகிறது, அவ்வளவுதான். அதனால் உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்துக்கொள்வது நல்லது. பிடித்த பிறகும் சக்கரம் ‘டொக்’ என்று கொஞ்ச தூரம் தனியாக நகர்ந்தால் அதுதான் நாம் தேடுவது.

எங்கள் காரில் அந்த ‘டொக்’ இடப்பக்கம் கையில் பட்டது. ஆனால் வெளி மூட்டா, உள் மூட்டா? அதற்கு நான் பெரிதாக நம்புவது இன்னொரு சோதனையை. வண்டியைக் கீழே இறக்கி, எடை முழுக்கச் சக்கரத்தின் மேல் இருக்கும்போது செய்வது. எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் என்றால் உதவி கிடைக்கிற நிலையில் வண்டியை ஆன் செய்து வைக்க வேண்டும். அக்கா மகனை உள்ளே உட்காரவைத்தேன். “மாமா, எவ்ளோ திருப்பணும்?” என்று கேட்டான். “சக்கரம் திரும்பவே கூடாதுடா. வெரல் அளவுக்கு அந்தப் பக்கம், வெரல் அளவுக்கு இந்தப் பக்கம். சட்டுசட்டுன்னு.” நான் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஒரே விரலை டை ராடு எண்டின் தலையிலும் நக்கிள் காதிலும் படும்படி குறுக்கே வைத்தேன். நல்ல மூட்டு என்றால் இரண்டும் ஒன்றாக அசையும், விரலுக்கு எதுவும் தெரியாது. இங்கே தலை முதலில் நகர்ந்தது, ஒரு கணம் கழித்துத்தான் காது தொடர்ந்தது. விரலுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் என்பதால்தான் இந்த முறையை வலியுறுத்துகிறேன். விரலை மூட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராக் எண்டுக்கும் இதே ஆட்டல்தான். மடிப்பு ரப்பரை வெளியிலிருந்தே அழுத்தி, உள்ளே இருக்கும் மூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே தட்டுவது கைக்குத் தெரியும். எங்கள் காரில் உள்ளே அமைதியாக இருந்தது. அந்த ஒரு நிமிடப் பரிசோதனை ராக் எண்ட் செலவை மிச்சப்படுத்தியது. ராக் எண்டை மாற்றுவது ரப்பர் உறையைக் கழற்றி, தனி டூல் வைத்துச் செய்கிற வேலை. தேவையில்லாமல் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

டை ராடு எண்ட் எல்லாத் திசையிலும் சாய்வதும் சுழல்வதும் அதன் இயல்பு. கம்பியைப் பிடித்து முறுக்கினால் கொஞ்சம் உருளத்தான் செய்யும். அதைக் காட்டி “பாருங்க சார், லூஸா இருக்கு” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். குழியிலிருந்து உருண்டை மேலும் கீழும், இப்படியும் அப்படியும் தள்ளுப்படுகிறதா என்பதுதான் கேள்வி. தள்ளுப்பட்டால் மாற்ற வேண்டும், கொஞ்சம்தானே என்று விடக் கூடாது. தேய்மானம் முற்றி உருண்டை குழியை விட்டுக் கழன்றுவிட்டால், அந்தப் பக்கச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஸ்டியரிங்குக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

ஒரு பக்கம் தேய்ந்தால் இரண்டு பக்கமும் மாற்றுவதா? நான் வெளி மூட்டு இரண்டையும் சேர்த்து மாற்றுவேன். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே ரோடு, அதோடு அலைன்மென்ட் செலவு ஒருமுறையோடு முடியும். சின்னக் கார்களுக்குப் பாகத்தின் விலை சில நூறு ரூபாயில்தான் இருக்கும். கம்பெனி ஒரிஜினல் இல்லாவிட்டாலும், கார் கம்பெனிகளுக்கே ஸ்டியரிங் பாகம் செய்து கொடுக்கிற தயாரிப்பாளர்களுடையதை வாங்கலாம். சென்னையின் ரானே மெட்ராஸ் நிறுவனம் ஸ்டியரிங் லிங்கேஜ் செய்வதில் நெடுங்கால அனுபவம் உள்ளது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் மாடல், வருடம், இடமா வலமா என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். புதுப்பேட்டைக்குப் போய்க் கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் வாங்கியிருக்கிறேன். இந்தப் பாகத்தை மட்டும் பழசில் வாங்கவே மாட்டேன். புது மூட்டைக் கையில் எடுத்துத் தண்டை அசைத்துப் பாருங்கள்: இறுக்கமாக, சீராக நகர வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழற்றும்போது வரிசை முக்கியம். சக்கரத்தை எடுத்ததும் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துருவை இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். பிறகு முதலில் தளர்த்த வேண்டியது கம்பியில் இருக்கும் லாக் நட்டை, அதுவும் கால் சுற்று மட்டும். மூட்டு நக்கிளில் பிடித்திருக்கும்போதுதான் அது சுலபமாக அசையும். அந்தக் கால் சுற்றுக்கு முன்பே பெயின்டால் குறி போட்டு, தண்டின் மையத்திலிருந்து கம்பியில் ஒரு நிலையான இடம் வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பழைய மூட்டும் புதுசும் நீளத்தில் துளி வித்தியாசப்படலாம் என்பதால் சுற்றுக் கணக்கை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்துங்கள். முழுக்க எடுக்காமல் நாலைந்து மரை பிடித்திருக்கும்படி விட்டுவிடுங்கள். தண்டு கூம்பாக இருப்பதால் நக்கிள் காதுக்குள் இறுகிக்கொண்டிருக்கும். நட்டைக் கழற்றினாலும் சாதாரணமாக வராது. பால் ஜாயின்ட் புல்லர் இருந்தால் அதை மாட்டி இறுக்கினால் ஒரு பலத்த சத்தத்தோடு விடும். நட் இல்லாவிட்டால் அந்த வேகத்தில் கம்பி முகத்துக்கு வரும். புல்லர் இல்லையென்றால் சுத்தியல். தண்டின் நுனியில் அடித்தால் மரைதான் கெடும். நக்கிள் காதின் பக்கவாட்டில், கனமான சுத்தியலால் நறுக்கென்று அடிக்க வேண்டும். அடிபடும் கணத்தில் காதின் துளை நூலளவு வடிவம் மாறி, கூம்பு விடுபடும். இது இரும்பு நக்கிளுக்குத்தான். அலுமினிய நக்கிள் உள்ள வண்டியில் சுத்தியல் வேண்டாம், புல்லர்தான். கவட்டைக் கம்பியைச் செருகி அடிப்பவர்களும் உண்டு. அது பூட்டைக் கிழித்துவிடும், தூக்கிப் போடப்போகும் மூட்டு என்றால் பரவாயில்லை.

சில சமயம் நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றும். அப்போது கீழிருந்து ஜாக்கியால் மூட்டின் தலையை லேசாக மேலே அழுத்தினால் கூம்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும், நட் கழலும். தண்டு மேலிருந்து கீழாகப் போகும் வண்டிகளில் அழுத்தத்தை மேலிருந்து கொடுக்க வேண்டும்.

பிறகு சுற்றுக்களை எண்ணிக்கொண்டே பழையதைக் கழற்றி, மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, அதே சுற்றில் புதியதை ஏற்றி, அளவைச் சரிபார்த்தால் ஆயிற்று. கூம்பிலும் காதுக்குள்ளும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட வேண்டும், அங்கே உலோகம் உலோகத்தைப் பிடிப்பதுதான் பலம். நட்டை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பள்ளமுள்ள நட் என்றால், துளையோடு பள்ளம் நேருக்கு வராதபோது மேலும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். பின்னுக்காக நட்டைத் தளர்த்துவது இந்த வேலையில் செய்யவே கூடாதது. ஸ்பிளிட் பின் புதிதாகத்தான் போட வேண்டும். நைலான் நட் என்றால் அதுவும் புதிது. லாக் நட்டை இறுக்கும்போது மூட்டின் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் தலை சாய்ந்து, ஒரு பக்கம் திரும்பும்போது தண்டு முட்டும்.

எல்லாம் அளந்து போட்டுவிட்டோமே, அலைன்மென்ட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கம்பியின் மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று வித்தியாசம் வந்தால் கம்பி 1.25 மில்லிமீட்டர் நீளும். நக்கிளின் கை சுமார் 12 சென்டிமீட்டர் என்றால் சக்கரம் ஏறத்தாழ 0.6 டிகிரி திரும்பிவிடும். 13 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையில் அது சுமார் மூன்றரை மில்லிமீட்டர். டோ எனப்படும் இந்த வித்தியாசத்தில் சின்னக் கார்களுக்கு அனுமதிக்கும் விலகல் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். ஆக, அரைச் சுற்றே எல்லையைத் தொட்டுவிடும். ஸ்டியரிங் தன்னைச் சரிசெய்துகொண்டு அந்தக் கோணத்தை இரண்டு டயருக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டாலும், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் பக்கவாட்டில் இழுபடும் கணக்கு. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 50 கிலோமீட்டர் தூரம் ரப்பர் தார் ரோட்டில் குறுக்காக உரசியிருக்கும். புது டயரின் விலையோடு ஒப்பிட்டால் அலைன்மென்ட் கட்டணம் ஒன்றுமே இல்லை. நம் ஸ்கேல் அளவு, அலைன்மென்ட் கடை வரை வண்டியைப் பத்திரமாக ஓட்டிப் போவதற்குத்தான்.

அலைன்மென்டில் நான் பக்கத்தில் நின்று இரண்டைப் பார்ப்பேன். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டிய பிறகு இரண்டு பக்கக் கம்பியையும் திருப்புகிறார்களா என்பது ஒன்று. ஒரே பக்கம் திருப்பி மொத்த அளவைச் சரிக்கட்டினால் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். கம்பியைத் திருப்பும்போது மடிப்பு ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாமல் கிளிப்பைத் தளர்த்துகிறார்களா என்பது மற்றொன்று. முறுக்கிய ரப்பர் சீக்கிரம் வெடிக்கும், பிறகு தண்ணீர் ராக்குக்குள்ளேயே போகும். முடித்ததும் லாக் நட் இரண்டையும் நம் கண் முன்னால் இறுக்கச் சொல்ல வேண்டும். முன்பு எடுத்த அளவு, பின்பு எடுத்த அளவு இரண்டும் உள்ள பிரிண்டைக் கேட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளவு நகர்ந்திருந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

இப்போது டயர் மாற்றிப் போடும் ஒவ்வொரு முறையும், சக்கரம் கழன்றிருக்கும்போதே நான்கு பூட்டையும் பார்த்துவிடுகிறேன்: டை ராடு எண்ட் இரண்டு, லோயர் பால் ஜாயின்ட் இரண்டு. விரலால் ரப்பரின் மடிப்பை விரித்துப் பார்த்தால் வெடிப்பு ஆரம்பத்திலேயே தெரியும். கிரீஸ் ஈரம் வெளியே கசிந்து மண் அப்பியிருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த மூட்டை அடுத்த மழைக்கு முன் மாற்றிவிட வேண்டியவை பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் வண்டியில் பக்கவாட்டில் ஆட்டியபோது என்ன தெரிந்தது, வெளி மூட்டா உள் மூட்டா, எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று எழுதுங்கள். சத்தம் எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.